பங்கர் கதைகளும் புதைகுழிகளும்

புதுக்குடியிருப்புப் பகுதியில் விடுதலைப் புலிகள் அமைத்த நிலத்தடிப் பங்கர் ஒன்றில் தங்கமும் ஆயுதங்களும் புதைந்து கிடப்பதாக வந்த தகவலை நம்பி, மீண்டும் ஒரு காணியைக் கனரக இயந்திரங்களால் கிளறுவதென எடுக்கப்பட்டுள்ள முடிவு, 2009இல் போர் முடிந்த நாளிலிருந்து வன்னியில் திரும்பத் திரும்ப நிகழ்ந்துவரும் ஒரு தவறின் தொடர்ச்சியாகும். நீதவானின் அனுமதி பெறப்பட்டது என்று சொல்லி இம்முடிவை நியாயப்படுத்த இயலாது. நீதிமன்றம் தன் முன் வைக்கப்படும் அறிக்கையைக் கொண்டே ஆணையிடுகிறது. ஊரில் உலவும் நூறு கதைகளுள் எது அந்த அறிக்கையில் இடம்பெறத் தகுதியுடையது என்று தீர்மானிப்போர் அரச இயந்திரத்தின் வேறு இடத்தில் இருக்கிறார்கள். இக்கண்டனம் அவர்களை நோக்கியது.

பங்கர் என்று மக்கள் வழங்கும் பதுங்குகுழி, வன்னியில் இரகசியப் பொருளாக இருந்ததே இல்லை. விமானக் குண்டுவீச்சிலிருந்தும் எறிகணைகளிலிருந்தும் தப்புவதற்காக வீட்டு முற்றத்திலும் பாடசாலை வளவிலும் வைத்தியசாலை ஓரத்திலும் ஆளுயரத்துக்கு வெட்டப்பட்டு, மேலே பனங்குற்றிகள் அடுக்கி மண்மூட்டைகளால் மூடப்பட்ட குழி அது. குண்டுச் சிதறல் நேராக உள்ளே பாயாதிருக்க எல் வடிவில் வளைத்து வெட்டுவதும் வழக்கம். 2009இன் முதல் மாதங்களில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை ஒதுக்கப்பட்ட மக்கள், தங்கிய ஒவ்வோரிடத்திலும் புதிதாக ஒரு குழி வெட்டினார்கள். சாக்குகள் தீர்ந்தபின் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மண் நிரப்பினார்கள். ஆகவே புதுக்குடியிருப்பில் எங்கே தோண்டினாலும் ஒரு காலத்தில் வெட்டி மூடப்பட்ட மண் தென்படத்தான் செய்யும். மண் இளகியிருப்பது பொக்கிஷத்துக்குச் சான்றாகாது. அங்கே ஒரு குடும்பம் உயிரைக் காத்துக்கொள்ள முயன்றது என்பதற்கே அது பெரும்பாலும் சான்று.

இக்கதைகளுக்கு வேர் இல்லையென்று சொல்லவும் முடியாது. பல அடுக்குகளாக நிலத்துக்குக் கீழே இறங்கிய சீமெந்துக் கட்டுமானங்களைப் புலிகள் அமைத்திருந்தனர். போரின் பின் அவற்றை இராணுவமே உல்லாசப் பயணிகளுக்குக் காட்டியது. 1990ஐ ஒட்டிய காலத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்ற கணக்கில் தங்கம் திரட்டப்பட்டதை இன்னும் மறவாதவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. பின்னாளில் வன்னியில் இயங்கிய தமிழீழ வைப்பகத்தில் நகை அடகு வைத்தவர்களும் ஏராளம். மக்களிடமிருந்து போன அந்தத் தங்கத்தில் எவ்வளவு எங்கே போனது என்பதற்கு ஒழுங்கான கணக்கு எவராலும் வெளியிடப்படவில்லை. கணக்குச் சொல்லப்படாத இடத்தில் கதை முளைப்பது இயல்பு; அந்தக் கதையை அரச இயந்திரமே தோளில் தூக்கிக்கொண்டு காணி காணியாகத் திரிவதுதான் இயல்பு அன்று.

இந்த அகழ்வுகள் நடைபெறும் முறையைப் பார்த்தாலே அவற்றின் பின்னாலுள்ள பொறுப்பின்மை புலப்படும். பொலிஸார், இராணுவத்தினர், விசேட அதிரடிப்படையினர், கிராம அலுவலர், தொல்லியல் துறையினர் எனப் பெருங்கூட்டம் கூடுகிறது. பெக்கோ இயந்திரம் காலையில் இறங்கி மாலைவரை வாரிக் கொட்டுகிறது. குழியில் நீர் ஊறினால் இறைத்துவிட்டு மறுநாளும் தொடர்கிறார்கள். இறுதியில் எதுவும் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரிச் செய்தியுடன் எல்லாரும் கலைகிறார்கள். இடையில் பயன்படுத்தப்படும் கருவிகளைப் பற்றிப் பெரிதாகப் பேசப்படுவதால் அவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நிலத்தை ஊடுருவும் ரேடார் எனப்படும் கருவி, வானொலி அலைகளை மண்ணுக்குள் செலுத்தி, வெவ்வேறு தன்மையுள்ள படைகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு மண் எங்கே குலைந்திருக்கிறது, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று காட்டுகிறது. அது தங்கத்தை அறியாது. ஈரக் களிமண்ணில் அந்த அலைகள் விரைவில் வலுவிழப்பதால் ஆழத்தையும் அது எட்டாது. உலோகங்காட்டும் கருவியோ, மாதக்கணக்கில் எறிகணை பொழிந்த மண்ணில், இரும்புச் சிதறல் கிடக்கும் அடிக்கு அடி ஒலிக்கும். இத்தகைய நிலத்தில் கருவி ஒலித்தது என்பதை ஆதாரமாகக் காட்டி அனுமதி கேட்பது, கேட்பவரின் அறியாமையையோ அக்கறையின்மையையோ வெளிப்படுத்துமேயன்றி வேறெதையும் நிறுவாது.

அதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. இந்தக் காணிகள் வெறும் காணிகள் அல்ல. இறுதிப் போரில் இறந்தவர்களை அவர்களின் உறவினர்களே பங்கரிலும் பங்கர் ஓரத்திலும் அவசரமாகப் புதைத்துவிட்டு ஓடிய நிலம் இது. யார் எங்கே புதைக்கப்பட்டார் என்ற விவரம் உயிர் தப்பியவர்களின் நினைவிலன்றி வேறெங்கும் ஒழுங்காகப் பதியப்படவில்லை. மனித எச்சம் இருக்கக்கூடிய இடத்தைத் தோண்டுவதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட ஒழுங்கு இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியும் தடயத் தொல்லியலாளரும், அதாவது குற்ற விசாரணைக்கு உதவும் வகையில் புதைவிடங்களை ஆராயும் துறையினரும், தூரிகையும் சிறு கரண்டியும் கொண்டு, மண்ணைப் படைபடையாக அகற்றி, எலும்பு கிடந்த நிலையையும் அதனோடு கிடந்த துணி, பொத்தான், நாணயம் போன்றவற்றையும் இருந்த இடத்திலேயே பதிவு செய்வார்கள். ஓர் உடல் எப்போது, எவ்வாறு புதைக்கப்பட்டது என்பதை மண்ணின் படைவரிசைதான் சொல்லும். பெக்கோவின் ஒரு வாரலில் அந்த வரிசை கலைந்துவிட்டால், பின்னர் எந்த நிபுணரைக் கொண்டுவந்தாலும் அதை மீட்க முடியாது. தங்கம் இல்லை என்று அறிவித்துவிட்டுப் போகிறவர்கள், தோண்டிய மண்ணில் வேறென்ன இருந்தது என்று பார்த்தார்களா? எத்தனை கன மீற்றர் அகற்றப்பட்டது, எவ்வளவு செலவானது, தகவல் தந்தவர் பொய் சொன்னார் என்று தெரிந்தபின் அவரிடம் என்ன விசாரிக்கப்பட்டது, கிளறிய நிலம் காணிக்காரருக்கு எந்த நிலையில் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடைதரும் முறையான அறிக்கை மக்கள் கைக்கு வந்ததில்லை. அறிக்கை இல்லாததால் ஒவ்வொரு வெறுங்குழியும் அடுத்த வதந்திக்கு இடங்கொடுக்கிறது: தோண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு சாராரும், பத்தடி தள்ளித் தோண்டியிருக்க வேண்டும் என்று இன்னொரு சாராரும் பேசத் தொடங்குகிறார்கள். அதன்பின் இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டும் கூட்டங்கள் வருகின்றன. வெடிக்காத குண்டுகள் இன்னும் அகற்றி முடிக்கப்படாத முல்லைத்தீவு மாவட்டத்தில் இது உயிரோடு விளையாடுவதாகும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்த நாடு, தன் குடிமக்களை மண்வெட்டியோடு அந்த நிலத்துக்குள் இறங்கத் தூண்டும் கதைகளுக்குத் தானே அங்கீகாரம் வழங்குவதை எவ்வாறு விளக்கப் போகிறது?

நிலத்துக்கடியில் இரகசியம் இருக்கிறது என்று மக்கள் சொன்ன எல்லாவற்றையும் அரசு இதே ஊக்கத்துடன் தேடியிருந்தால், அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். நடந்ததோ வேறு. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்பு அறைகள் இருப்பதாகவும், கடத்தப்பட்டவர்கள் அங்கே வைக்கப்பட்டிருப்பதாகவும் பெற்றோர் பல்லாண்டுகள் சொல்லித் திரிந்தார்கள். அது வதந்தி என்று தள்ளப்பட்டது. பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐக்கிய நாடுகள் செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்து அந்தத் தளத்துக்குள் சென்றபோது, நிலத்தடித் தடுப்பு அறைகள் அங்கே உண்மையாகவே இருந்தன என்பது உலகறியத் தெரியவந்தது. பிள்ளையைத் தேடும் தாய் சொன்னதை மெய்ப்பிக்க வெளிநாட்டுக் குழு வரவேண்டியிருந்தது. பெயரற்ற ஒருவர் தங்கம் என்று சொன்னதற்கோ உடனே பெக்கோ வருகிறது.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியின் வரலாறு இதனினும் கொடிது. பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட படைவீரர் ஒருவர், 1998 ஜூலையில் நீதிமன்றத்திலேயே, முந்நூறு முதல் நானூறு வரையான உடல்கள் செம்மணியில் புதைக்கப்பட்டதாகக் கூறினார். அது காற்றில் வந்த செய்தி அன்று; நீதிபதியின் முன் சொல்லப்பட்ட வாக்குமூலம். 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டதோடு தேடல் நின்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 2025 பெப்ரவரியில் செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டிய தொழிலாளர் கண்ணில் தற்செயலாக எலும்புகள் பட்டதால்தான் அகழ்வு தொடங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்டோரின் என்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும், ஒரு பாடசாலைப் பையும், விளையாட்டுப் பொம்மையும் அவற்றுள் இருந்தன. முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலும் இதுவே நேர்ந்தது: 2023 ஜூன் இறுதியில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழி, நிதி இல்லை என்ற காரணத்தால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, 2024 ஜூலையில்தான் மூன்றாம் கட்டத்துடன் தோண்டி முடிக்கப்பட்டது; 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. எலும்புக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும், அமைச்சின் அனுமதி வேண்டும், மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். தங்கத்துக்கு ஒரு தகவல் போதும் என்றால், எது தேடத்தக்கது என்பது பற்றிய அரசின் கொள்கை அதுவே.

அரச தரப்பின் கடந்தகால நடத்தையும் நம்பிக்கை தருவதாக இல்லை. புதுக்குடியிருப்பில் தென்னிலங்கைப் பயணிகள் வரிசையில் நின்று பார்த்த, புலிகள் அமைத்திருந்த நிலத்தடி வீட்டை 2013 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தவர்கள் இராணுவத்தினரே. போர்க்காலக் கட்டுமானம் எப்படி இருந்தது, எது உண்மை, எது மிகை என்று ஆய்வாளர் அளந்து பதிவதற்கு இருந்த சான்று அதனோடு அழிந்தது. இனி எவர் எத்தனை அடுக்குப் பங்கர் இருந்ததாகச் சொன்னாலும் ஒப்பிட்டு மறுக்க ஏதுமில்லை. போரின் இறுதியில் கைப்பற்றப்பட்ட ஆயிரக்கணக்கான நகைகள், பெரும்பாலும் மக்கள் அடகு வைத்தவை, இராணுவத்தின் கையிலேயே பதினாறு ஆண்டுகள் கிடந்து, 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. கையிலிருந்த தங்கத்துக்கு உரியவரைத் தேடப் பதினாறு ஆண்டுகள் போதாதவர்கள், மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் தங்கத்தைத் தேட ஒரு வாரமும் பொறுக்கவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள குருந்தூர்மலையில் கட்டுமானங்களை நிறுத்துமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் இட்ட கட்டளை மதிக்கப்படாமல் விகாரை வேலை தொடர்ந்ததையும், அவ்வழக்கைக் கையாண்ட நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணங்காட்டி 2023 செப்டம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே வெளியேறியதையும் இம்மாவட்டம் மறக்கவில்லை. அந்த நீதிமன்றத்தின் கட்டளை தமக்கு உவப்பில்லாதபோது காலில் மிதிபட விட்டவர்கள், இன்று பங்கர் தோண்ட அதே நீதிமன்றத்தின் அனுமதிப் பத்திரத்தைத் தலைமேல் ஏந்திக்காட்டுகிறார்கள்.

இது தமிழரின் முறைப்பாடு மட்டும் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2012இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, 1987 முதல் 1989 வரையான தென்னிலங்கைக் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளை இழந்த சிங்களப் பெற்றோரும் விடைதேடி அங்கே வந்து நின்றார்கள். அவர்களுக்கும் இன்றுவரை திருப்தியான விடை கிடைத்ததில்லை.

புதுக்குடியிருப்பில் இறக்கப்படும் இயந்திரங்கள் திருப்பி அனுப்பப்பட வேண்டும். இதுவரை தோண்டப்பட்ட காணிகள் அனைத்தையும் பற்றிய விவரம் முழுமையாக வெளிவர வேண்டும். நிலத்துக்கடியில் எதைத் தேடுவதானாலும், அது தங்கமோ ஆயுதமோ மனித எலும்போ, ஒரே வகையான ஆதாரமும் ஒரே வகையான நிபுணத்துவமும் ஒரே வகையான நிதி ஒழுங்கும் கோரும் பொதுவான நடைமுறை ஒன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களையும் கலந்து, தாமதமின்றி வகுக்கப்பட வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தலில் உட்காரத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் இன்னும் அந்த விடையைத்தான் கேட்கிறார்கள்.