பெனால்டியில் ஜெயித்தாலும் ஜெயிப்புதான்

"ஏனுங்க மாஸ்டர், பெனால்டியிலதானுங்க ஜெயிச்சீங்க? காசச் சுண்டிப் போட்டாப்பலதானுங்க!"

2022 உலகக் கோப்பை முடிந்து இத்தனை வருடம் ஆகியும், பக்கத்து கம்பெனி செக்கிங் அண்ணன் இதைச் சொல்லாமல் டீ குடிப்பதில்லை. அவர் பிரேசில் கட்சி. நான் 1986இல் தூர்தர்ஷனில் மாரடோனாவைப் பார்த்த நாளிலிருந்து அர்ஜென்டினா. திருப்பூரில் கட்டிங் டேபிளில் ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது, கட்சி மாறவில்லை.

முதலில் அவருடைய காசுக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். காசு சுண்டிப் போட்டு முடிவு செய்த காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோல் இல்லாமல் டிரா செய்ய, நாணயம் சுண்டித்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அது அதிர்ஷ்டம். அந்த அநியாயம் வேண்டாம் என்றுதான் 1970இல் பெனால்டி ஷூட்-அவுட் விதியாக வந்தது. உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை முதன்முதலில் பெனால்டியில் ஜெயித்தது எந்த அணி? 1994இல் இத்தாலியை வென்ற பிரேசில். அந்தக் கோப்பையை அண்ணன் திருப்பிக் கொடுப்பாரா?

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, அர்ஜென்டினா-பிரான்ஸ் இறுதி ஆட்டம். அந்த வருடம் நூல் விலை ஏறி, ஆர்டர் குறைந்து, ஊரே சுணங்கிக் கிடந்தது. போயம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டு வாசலில் டிவியைத் தூக்கி வைத்தோம். என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் மேற்கு வங்கத்துப் பையன்கள். தமிழ் அரைகுறை, இந்தி எனக்கு அரைகுறை, மெஸ்ஸி மட்டும் இரண்டு பக்கமும் சரளம். 2011இல் மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்து ஆடியதை அவர்கள் சொந்தக்காரர் வந்துபோனதுபோலச் சொல்வார்கள்.

80 நிமிடம் வரை எங்களுக்கு 2-0. பட்டாசைப் பிரித்தே விட்டோம். இரண்டு நிமிடத்துக்குள் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று போட, 118ஆவது நிமிடத்தில் மறுபடியும் எம்பாப்பே. 3-3. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை எங்கள் கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அதன் பிறகு பெனால்டி. பிரான்ஸின் கோமான் அடித்ததை மார்ட்டினெஸ் தடுத்தார், சுவாமெனி வெளியே அடித்தார், எங்கள் மோன்டியேல் உள்ளே அடித்தார். 4-2. வங்காளப் பையன் ஒருவன் என்னைத் தூக்கிவிட்டான். சத்தம் கேட்டு வந்த வீட்டு ஓனர் திட்டத்தான் வந்தார், பட்டாசு கொளுத்திவிட்டுப் போனார்.

மறுவாரம் திருப்பூர் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் வேறொரு கூத்து. உலகக் கோப்பை சீசனில் கேரள வியாபாரிகள் இங்கே வந்து நீலவெள்ளைப் பட்டை ஜெர்சியை மூட்டை மூட்டையாக அள்ளுவார்கள். கோழிக்கோடு புல்லாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கு ராட்சத கட்-அவுட் வைத்த ஜனங்கள் அல்லவா! நெஞ்சில், கோப்பை ஜெயித்த 1978க்கு ஒன்று, 1986க்கு ஒன்று என்று இரண்டு நட்சத்திரம் போட்ட பீஸெல்லாம் ஒரே ராத்திரியில் பழைய சரக்காகிவிட்டது. மூன்று நட்சத்திரம் இருந்தால்தான் வேண்டும் என்றார்கள். பெனால்டியில் வந்த கோப்பைதானே என்று மூன்றாவது நட்சத்திரத்தைப் பாதியாக யாரும் பிரிண்ட் போடவில்லை.

அதிர்ஷ்டம்தான் என்பவர்கள் ஒரு கணக்குக்குப் பதில் சொல்லட்டும். உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 2022 வரை ஏழு ஷூட்-அவுட் ஆடி ஆறில் ஜெயித்திருக்கிறது. தோற்ற ஒன்று 2006இல் ஜெர்மனியிடம். அன்று ஜெர்மன் கோல்கீப்பர் லேமன், அர்ஜென்டினாவில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பைக் காகிதத்தில் எழுதி காலுறையில் செருகி வைத்திருந்தார். தோற்றதுகூட எதிராளியின் தயாரிப்பால்தான்.

பிரேசிலையே பாருங்கள். அதே 2022 காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றது. நெய்மரைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். ரோட்ரிகோவும் மார்கினியோஸும் தவறவிட, அவர் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அர்ஜென்டினா இறுதி ஆட்டத்தில் மெஸ்ஸியை முதல் ஆளாக அனுப்பியது. யாரை எப்போது அனுப்புவது என்பது முடிவு, அதிர்ஷ்டம் இல்லை. சுவாமெனி அடிக்க வந்தபோது மார்ட்டினெஸ் பந்தை எடுத்து அந்தப் பக்கம் வீசி அவர் மனதைக் கலைத்தார். நல்ல பழக்கம் என்று நானும் சொல்ல மாட்டேன். அடுத்த வருடமே, அடிப்பவரின் கவனத்தைக் கோல்கீப்பர் அநியாயமாகக் கலைக்கக் கூடாது என்று விதியில் எழுதினார்கள். வெறும் அதிர்ஷ்டத்துக்கு யாராவது விதி எழுதுவார்களா?

பதற்றத்திலும் கை பிசகாமல் இருப்பது தனித் திறமை என்பது எங்கள் பனியன் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பனியனுக்குக் கழுத்து ரிப் வைக்கும் டெய்லர், ரிப்பை விரலாலேயே ஒரே சீராக இழுத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கழுத்து அலையடிக்கும். நாள் முழுக்கப் பிசகாமல் தைக்கிற டெய்லர், பையர் அனுப்பும் க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர், வந்து பின்னால் நின்றால் அந்த ஒரு பீஸில் கோட்டை விடுவார். தைக்கத் தெரிவது ஒரு திறமை. ஆள் நிற்கும்போதும் அதே கையோடு தைப்பது இன்னொரு திறமை. பெனால்டியில் பார்ப்பது அந்த இரண்டாவது திறமையை. 120 நிமிடம் ஓடிய காலோடு, உலகமே பார்க்க, 11 மீட்டர் தூரத்தில் பந்தை வைத்து அடிப்பது விளையாட்டா?

அப்படியானால் தவறவிட்டவன் திறமை இல்லாதவனா என்று கேட்பீர்கள். இல்லை. 2016 கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம் நமக்கு ஜூன் 27, திங்கட்கிழமை விடியற்காலை. சிலியிடம் பெனால்டி. முதலில் போன மெஸ்ஸி பந்தை மேலே அடித்துவிட்டார். எட்டரை ஷிப்டுக்குச் சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டே தோல்வியைப் பார்த்தேன். அன்றே நாட்டுக்காக இனி ஆடமாட்டேன் என்றவர், திரும்பி வந்து ஆறு வருடம் கழித்து மறுபடியும் முதல் ஆளாகப் போனார். இந்தத் தடவை கோல். கோமானையும் சுவாமெனியையும் இணையத்தில் நிறத்தைச் சொல்லி ஏசியவர்களை நான் கால்பந்து ரசிகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தூர தேசத்துக் கதை மட்டும் இல்லை இது. 2023 ஜூலை 4 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் குவைத்தைப் பெனால்டியில் 5-4 என்று வென்றுதான் இந்தியா தெற்காசியக் கோப்பையை எடுத்தது. கடைசிப் பந்தைப் பாய்ந்து தடுத்தவர் குர்பிரீத் சிங். அதற்கு முந்தைய ஆட்டத்தில் லெபனானையும் பெனால்டியில்தான் வென்றார்கள். 2009, 2012 நேரு கோப்பைகளும் அப்படி வந்தவைதான். நம் அணி இதில் தேறிய அணி என்பதே பலருக்குத் தெரியாது.

நம்மூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஐவர், எழுவர் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கும், பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பெனால்டியில் தோற்றுவந்த பையனிடம் "லக் இல்லடா" என்று சொல்லாதீர்கள். லக் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் பழகுவார்கள்? பயிற்சி முடிந்து கால் ஓய்ந்த நேரத்தில், எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, ஆளுக்கொன்று அடிக்கவிடுங்கள். கோல்கீப்பருக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். போன மேட்சில் தவறவிட்ட பையனை அடுத்த மேட்சில் முதல் ஆளாக அனுப்புங்கள்.