பிரவுன் துரையின் மாலை வகுப்பு

சென்ற விடுமுறையில் ஒரகடத்தில் தொழில்புரியும் நண்பரொருவர் இல்லத்தில் தங்கியிருந்தகாலை, ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்னும் பழைய ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முதற்பகுதியை மீண்டும் காண நேர்ந்தது. 1977 டிசம்பரில் இலண்டனில் ஒளிபரப்பாகிய அப்பகுதியின் கதை சிறிது. அயல்நாட்டார்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலைப்பள்ளியொன்றில் ஜெரமி பிரவுன் என்னும் இளைஞர் ஆசிரியராக அமர்கின்றார். மாணாக்கர் ஒவ்வொருவராய்த் தம் பெயரும் நாடும் தொழிலும் உரைக்கின்றனர். ஸ்பெயின் நாட்டு ஹுவான் எதனை வினவினும் ஒரே விடை பகர்வார். ஜப்பானியர் டாரோ சொல்லுக்குச் சொல் ஈற்றில் ஓகாரம் சேர்ப்பார். பாகிஸ்தானியர் அலியும் சீக்கியர் ரஞ்சித்தும் அமர்ந்தவுடன் பூசலிடுவர். (ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கைக் கம்பளையிற் பிறந்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.)

இளமையில் யாம் விலாநோக நகைத்த பகுதி அது. இம்முறை நகைப்பு பாதியில் நின்றது. காரணம், அன்று மாலை ஒரகடத்து மருந்துக்கடையிற் கண்ட காட்சி. ஒரிய இளைஞன் ஒருவன் தன் செவியைச் சுட்டிக் காட்டினான். பின்னர்க் கையைக் கன்னத்திற் சேர்த்து, உறங்க இயலவில்லை எனத் தலையசைத்தான். கடைப்பையன் அவ்வாறே நடித்துக் காட்டினான், நின்றவரெல்லாம் நகைத்தனர். இளைஞனும் உடன் நகைத்தான், வேறென் செய்வான்? இரண்டு மாத்திரைகளை, உணவுக்கு முன்னோ பின்னோ என்றறியாமலே, வாங்கிச் சென்றான்.

இராமாநுசர் பிறந்த ஊரென்று மட்டும் நம் முன்னோர் அறிந்த ஸ்ரீபெரும்புதூரைச் சூழ்ந்து இன்று பிரவுன் துரையின் வகுப்பே விரிந்து கிடக்கின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியரின் கார்கள் வெளிப்போந்தன. 2010-இல் ஒரகடத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் கூடித் தொழிற்சாலை திறந்தனர். 2012-இல் ஜெர்மானியர் லாரி கட்டத் தொடங்கினர். இவர்தம் ஆலைகளிற் பணிபுரியப் பீகார், ஒரிசா, அசாம் நாட்டு இளைஞர் வந்து குவிந்துள்ளனர்.

இத்தொடர் பிற நாட்டாரை இழிவுபடுத்துகின்றது எனக் கருதி, மைக்கேல் கிரேட் என்னும் தொலைக்காட்சி அதிகாரி 1979-இல் அதனை நிறுத்தினார். அவர் கருத்தை யாம் மறுக்கவில்லை. 1993-இல் இந்தியில் இதனைத் தழுவி எடுத்த ‘ஜபான் சம்பால்கே’யில் நம் தென்னாட்டார் மொழியும் நகைப்பிற்கு இரையாயிற்றன்றோ? ஆயினும் அவ்வகுப்பிற்கு ஓர் அறை இருந்தது, கரும்பலகை இருந்தது, பிழையைத் திருத்த ஓர் ஆசிரியர் இருந்தார். மின்னணுக் கம்பெனிப் பிரதிநிதியும் மதுக்கடைப் பணியாளரும் ஒருங்கமர்ந்து பிழைபட மொழிந்தனர். ஒரகடத்தில் நகைப்பு உண்டு. வகுப்பினை யாம் கண்டிலேம்.

சென்னையில் இன்கோ மையத்திற் கொரிய மொழியும், ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகையில் ஜப்பானிய மொழியும் நம் இளைஞர் கற்கின்றனர். நன்று. மேலிருப்போர் மொழியைப் பொருள் கொடுத்துக் கற்கும் நாம், அருகில் நிற்போனுக்கு நம் மொழியில் நாற்பது சொல் இலவசமாய் ஈயத் தயங்குவது ஏன்? “இரண்டாண்டில் ஊர் திரும்புவானுக்குத் தமிழ் எதற்கு?” என்றார் எம் நண்பர். அவ்விரண்டாண்டில் அவனுக்குச் செவி வலிக்காதோ? இயந்திரத்தை ‘நிறுத்து’ என்று ஒருவன் கூவுங்கால் அச்சொல் அவனுக்கு விளங்க வேண்டாவோ? பிறமொழியாளன் நாவிற்குத் தமிழ் வாராது என்பாரும் உளர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்று, பரமார்த்த குரு கதையால் தமிழரையே நகைக்கச் செய்தாரே!

பேரிலக்கணம் வேண்டுவதில்லை. வலி, காய்ச்சல், கூலி, விடுப்பு, நிறுத்து, விலகு — இவற்றிலிருந்து தொடங்கலாம். நம் கல்லூரி மாணாக்கர் நால்வர் ஞாயிறுதோறும் செல்ல இசைந்தாற் போதும். ஒன்று மட்டும்: மாலை வகுப்பு என்றோம், மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி உழைப்பவனுக்கு மாலை எப்பொழுது என்பதை முதலில் அவனையே கேட்டறிதல் வேண்டும்.