காதில் விழாத காய்ச்சல்

அனலாய்க் கொதிக்கும் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரைச் செருகி, அது திமிறாமல் பிடித்து வைத்திருப்பது எத்தனை பெரிய வேலை என்பது தாய்மார்களுக்குத் தெரியும். அந்த அவஸ்தைக்கு விடையாக வந்தது காது தெர்மாமீட்டர். காதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் சில வினாடிகளில் எண் வந்துவிடும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பெங்களூர் ஜக்கூரில், எடைக்கல், தராசு போன்றவற்றின் துல்லியத்தைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வகம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் பார்வையில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் தராசின் இனம்தான். ஆனால், பாதரசத் தெர்மாமீட்டரைப் போல காதுக் கருவியை வெந்நீரில் முக்கிச் சோதிக்க முடியாது. அது செவிப்பறையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளப்பது. எனவே, வெந்நீர்த் தொட்டிக்குள் உட்புறம் கறுப்பான ஒரு குழியைப் பொருத்தி, கருவியை அதற்குள் பார்க்க வைக்கிறார்கள். 36 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை 0.2 டிகிரிக்கு மேல் பிசகக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. நல்ல கருவிகள் சுலபமாகத் தேறிவிடும்.

வீட்டில்தான் தேறுவதில்லை. காதுக் குழாய் வளைந்தது. காது மடலை இழுத்து நிமிர்த்தாவிட்டால் கருவி பார்ப்பது செவிப்பறையை அல்ல, அதைவிடக் குளிர்ந்த குழாய்ச் சுவரை. முனையில் ஒட்டிய குரும்பியும் எண்ணைக் குறைக்கும். டிசம்பர் மாதக் காலையில் பெங்களூர் குளிரில் ஸ்கூட்டரில் வந்த குழந்தைக்கு உடனே பார்த்தால் கேட்கவே வேண்டாம். கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையின்படி, ஆசனவாய் வெப்பத்துக்கும் காது அளவுக்கும் சராசரி வித்தியாசம் 0.29 டிகிரிதான். சராசரி ஏமாற்றும். தனித்தனிக் குழந்தைகளிடம் காது அளவு 1.32 டிகிரி வரை குறைவாகக் காட்டலாம். அதாவது, 102 பாரன்ஹீட் காய்ச்சல் 100க்கும் கீழே தெரியும். காய்ச்சலுள்ள பத்துக் குழந்தைகளில் மூன்று, நான்கு பேரை இந்தக் கருவி தவறவிடக்கூடும் என்றது 2006இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களின் காதுக் குழாய் மிகக் குறுகல். அவர்களுக்கு இது வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை. மற்றவர்களுக்கு, குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒரே காதில் சில முறை அளந்து, அக்குள் அளவையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கருவி எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.