ஆறு தோட்டா அனுபவம்

இந்தியாவில் மலிவு விலை ரிவால்வர் என்று ஒன்று உண்மையில் கிடையாது. சாமானிய உரிமதாரருக்கு எட்டக்கூடியது கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர். அதற்கே வரியோடு சேர்த்து ஒரு லட்ச ரூபாய் அளவுக்கு எடுத்துவைக்க வேண்டும். 2017இல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் 40 சதவீதமாகிவிட்டது. வரிப் பட்டியலில் ரிவால்வரும் உல்லாசப் படகும் இப்போது ஒரே வரிசையில் நிற்கின்றன.

இவ்வளவு கொடுத்து வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? புகார்களுக்குப் பஞ்சமில்லை. விசை இழுக்கக் கடினமாக இருக்கிறது. பூச்சு சீராக இல்லை, ஓரங்களில் பிசிறு. சில தோட்டாக்கள் வெடிப்பதே இல்லை. நாளாக ஆகக் குழாயைப் பூட்டும் கொக்கி தளர்ந்துவிடுகிறது. பாராட்டும் உண்டு. எளிமையான இயந்திரம், பழுதானால் சரிசெய்ய வழி இருக்கிறது, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். இவை எல்லாமே உண்மையாக இருக்கக்கூடும். சிக்கல், இவர்களில் எத்தனை பேர் அதைப் போதுமான முறை சுட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதில்தான்.

கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் தண்ணீர் தந்த பேத்தமங்களாவில் ஒரு வியாபாரி தற்காப்புக்கு ரிவால்வர் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, கோலாரில் உள்ள மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். உரிமம் கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும்; 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு மூன்று வருடம்தான். தோட்டாக்களின் எண்ணிக்கை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நினைத்த இடத்தில் சுட்டுப் பழக முடியாது. தேர்தல் வந்து அதிகாரிகள் உத்தரவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சொந்தமாக அரம் எடுத்துப் பழுது பார்க்கவும் முடியாது. அந்தத் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் நியாயமானவை. ஆனால், இவற்றின் விளைவாக ஒரு துப்பாக்கி பல வருடங்கள் பீரோவில் துணி சுற்றிய நிலையில் கிடக்கிறது. வாங்கிய புதிதில் ஆறு தோட்டா, அதன்பின் எப்போதாவது ஒன்றிரண்டு. அதை வைத்துத்தான் 'நல்ல சரக்கு' என்றும் 'மட்டமான சரக்கு' என்றும் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி குறைவு. 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பிறகு ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு, கைத்துப்பாக்கி என்றால் அரசுத் தொழிற்சாலை தருவதுதான். அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர்கள் கைமாறும்போது லட்சங்களில் விலை பேசப்பட்டன. கான்பூரின் .32 வடிவமும் புதிதல்ல. பிரிட்டனின் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனியின் பழைய மார்க் 4 ரிவால்வரைப் பின்பற்றியது. 2016ஆம் வருட ஆயுத விதிகளுக்குப் பிறகே தனியார் தயாரிப்புக்குக் கதவு அகலமாகத் திறந்தது. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து வெப்லியே உற்பத்தியில் இறங்கியது. வாங்குபவருக்கு வேறு கடை இல்லாத காலத்தில், அவருடைய புகாருக்குத் தயாரிப்பாளர் அஞ்ச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இந்தச் சந்தையில் விளம்பரம் வேகமாக ஓடியது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையின் நினைவு ஆறும் முன்பே, 2014 ஜனவரியில் 'நிர்பீக்' வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், அரை கிலோ எடை, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்றார்கள். விலை 1,22,360 ரூபாய். பெண்ணைத் துப்பாக்கி வாங்கச் சொல்வது அரசு தன் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று மணிப்பூரைச் சேர்ந்த பீனாலட்சுமி நேப்ரம் கண்டித்தார். அடுத்து, 250 கிராம் எடையில், சுமார் 35,000 ரூபாய்க்கு .22 'நிடர்' வந்தது. 2023இல், உருளை பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' வந்தது. 50 மீட்டர் தூரம் வரை சுடும் என்பது அதன் பெருமை. எடை, தூரம், விலை எல்லாம் செய்தியாயின. எத்தனை ஆயிரம் தோட்டாக்களில் எத்தனை முறை தவறியது என்ற கணக்கு மட்டும் அந்த ஆரவாரத்தில் இடம்பெறவில்லை.

வாங்குபவருக்குத் தேவைப்படுவது அந்தக் கணக்குதான். .32 ரிவால்வரில் குழாய் முன்பக்கமாக மடிந்து திறக்கும். காலித் தோட்டாக்களை நட்சத்திர வடிவத் தகடு வெளியே தள்ளும். ஆகவே, கீலும் கொக்கியும்தான் அதன் உயிர். அவை தளர்ந்தால் உருளையின் துளையும் குழாயும் நேராக அமையாது; ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். தோட்டா வெடிக்காததற்கும் ஒரே காரணம் அல்ல. இரண்டாவது அடியில் வெடித்தால் சுத்தியலின் ஸ்பிரிங் மீது சந்தேகப்பட வேண்டும். பலமான அடி விழுந்தும் வெடிக்காவிட்டால் தோட்டா மீது. '.22' வகையில் விளிம்பில் அடித்து வெடிக்கவைப்பதால், நடுவில் அடிக்கும் வகையைவிடத் தவறுவதற்கு வாய்ப்பு அதிகம். ஆறு தோட்டாவில் இது எதுவும் பிடிபடாது.

துப்பாக்கி மலிந்த அமெரிக்காவும் இதில் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. பொம்மையையும் இஸ்திரிப் பெட்டியையும் கண்காணிக்கும் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியைத் தொட அதிகாரம் இல்லை. 1981 மார்ச் 30 அன்று ஜனாதிபதி ரீகன் மீது சுடப் பயன்பட்டது, அடகுக் கடையில் வாங்கிய மலிவான .22 ரிவால்வர். இரண்டு விநாடிகளுக்குள் ஆறு முறையும் வெடித்தது. மட்டமான துப்பாக்கி காப்பாற்றும் என்று நம்ப முடியாது. கொல்லாது என்றும் நம்ப முடியாது.

அந்த நாட்டிலேயே கலிபோர்னியா 2001இலிருந்து வேறு வழியில் போனது. ஒரு புதிய ரகம் அங்கே விற்பனைக்கு வர வேண்டுமானால், ஆய்வுக்கூடத்தில் 600 தோட்டாக்கள் சுட வேண்டும். முதல் 20இல் ஒரு தவறும் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. கீழே போட்டால் வெடிக்கிறதா என்ற சோதனையும் உண்டு. பீரோவின் மேல்தட்டிலிருந்து கை தவறினால் என்ன ஆகும் என்பது, திருடன் வந்தால் என்ன ஆகும் என்பதைவிட ஒரு குடும்பத்துக்கு அவசரமான கேள்வி.

இந்தத் தர்க்கம் தங்கவயல்காரர்களுக்குப் புதிதல்ல. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான அந்தச் சுரங்கத்தில் தொழிலாளி கூண்டில் ஏறி இறங்கியது கயிற்றை நம்பித்தான். அந்தக் கயிறு நல்லதா என்று அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நாள்தோறும் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. உயிர் தொங்கும் விஷயத்தில் உபயோகிப்பவரின் திருப்தி போதாது என்று சுரங்கச் சட்டம் என்றைக்கோ புரிந்துகொண்டிருந்தது.

ரிவால்வருக்கும் அதுவே பொருந்தும். தொழிற்சாலையில் சோதனை நடக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ரகவாரியாக அதன் முடிவுகளை வெளியிட வேண்டும். உரிமதாரர் வருடத்துக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், தன் துப்பாக்கியில், தன்னிடமுள்ள தோட்டாக்களையே சுட்டுப் பார்க்க வசதி வேண்டும். அதில் தவறும் துப்பாக்கியைத் தயாரிப்பாளர் பழுது பார்த்துத் தர வேண்டும். இதனால் துப்பாக்கிகள் பெருகப்போவதில்லை. தன் கைக்குள் இருப்பது எவ்வளவு தவறக்கூடியது என்று கண்ணால் கண்ட பிறகு, சிலர் உரிமத்தைப் புதுப்பிக்காமலேயே விட்டுவிடவும் கூடும். அதுவும் நல்லதுதான்.