வாசித்ததும் யோசித்ததும்: பனிக்காட்டில் ஒரு வீடு



இம்மாதம் உங்களுக்குச் சொல்லப்போவது பனி உறையும் ஓர் ஊரின் கதை. பெரியநீலாவணைக் கடற்கரையில் இருக்கும் நமக்கு மாரி மழை தெரியும், கச்சான் காற்று தெரியும், 2004 இல் கடல் வந்ததும் தெரியும். பனி தெரியாது. ஆனாலும் இந்தக் கதையின் பெண்ணை நமக்கு நன்றாகத் தெரியும்.

நாவலின் பெயர் 'த கிரேட் அலோன்'. பெருந்தனிமை என்று சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் ஹன்னா எழுதி 2018 இல் வெளிவந்தது. கதை 1974 இல் தொடங்குகிறது. வியட்நாம் போரில் கைதியாக இருந்து மீண்ட எர்ன்ட், ஒரு வேலையிலும் நிலைக்க முடியாமல் அலைகிறான். இரவில் கனவு கண்டு அலறுகிறான். போரில் இறந்த நண்பன் தனக்கு விட்டுச்சென்ற காணியை நம்பி, மனைவி கோராவையும் 13 வயது மகள் லெனியையும் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போகிறான்.

அங்கே மின்சாரமில்லை, குழாய்த் தண்ணீரில்லை. கோடையிலேயே விறகு வெட்டி, மீனைப் புகைபோட்டு, மாரிக்குச் சேமிக்க வேண்டும். நடு மாரியில் பகல் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம்தான். இருள் நீள நீள எர்ன்டின் மனமும் இருள்கிறது. கை நீள்கிறது.

பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு பதைக்கிறது. கரடிக்கும் ஓநாய்க்கும் பயந்தல்ல. கதவைத் திறந்து வருபவனின் முகம் எப்படி இருக்குமோ என்ற பயம். தகப்பனின் முகத்தைப் பார்த்து அன்றைய பொழுதைக் கணிக்கப் பழகிவிடுகிறாள் லெனி.

கோரா என்ன சொல்கிறாள்? "அவர் முந்தி இப்படியில்லை, போர்தான் இப்படி ஆக்கியது" என்கிறாள். நம் வேலியோரங்களில் நான் எத்தனையோ தடவை கேட்ட பேச்சு இது. "நல்ல மனிசன் புள்ள, சண்டைதான் கெடுத்துப்போட்டுது."

அது பொய்யல்ல. போர் மனதில் வடு போடும். அமெரிக்க உளமருத்துவச் சங்கமே 1980 இல்தான் இந்த மனவடுவுக்கு ஒரு நோய்ப்பெயர் கொடுத்தது. எர்ன்டின் நோய்க்கு அப்போது பெயருமில்லை, மருந்துமில்லை. அவன்மீது எனக்கும் இரக்கம் வந்தது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் அடி வலிக்காமல் போகுமா? நோய்க்கு வேண்டியது வைத்தியம். அதற்கு மனைவியின் உடம்பைக் கொடுக்க முடியாது.

நாவலில் எனக்கு மிகப் பிடித்த ஆள் லார்ஜ் மார்ஜ் என்னும் அயலவள். முன்பு அரச தரப்புச் சட்டத்தரணியாக இருந்தவள், இப்போது அந்த ஊரில் கடை நடத்துகிறாள். "புருசன் பெண்சாதி விசயம்" என்று அவள் ஒதுங்கவில்லை. இன்னொரு அயலவரோடு சேர்ந்து எர்ன்டை மாரிக்காலத்தில் தூர இடத்து வேலைக்குப் போகவைக்கிறாள். தாயோடும் மகளோடும் தானே வந்து தங்குகிறாள். முடிவை நான் சொல்லவில்லை. கோரா மிகவும் பிந்தித்தான் துணிகிறாள், அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது என்று மட்டும் சொல்கிறேன்.

அலாஸ்காவில் வீட்டை மூடியது பனி. இங்கே நம் வீடுகளை மூடுவது வெட்கமும், "சனம் என்ன சொல்லும்" என்ற பயமும்.

நமக்கு வழிகள் உண்டு, தோழியரே. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. மனநல உதவிக்கு 1926. கணவருக்கு வைத்தியம் தேடுவதும் உங்களைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல.

அடுத்த வீட்டில் சத்தம் கேட்டால் ஒரு சாட்டுச் சொல்லியாவது போய்க் கதவைத் தட்டுங்கள். கொஞ்சம் உப்புக் கேட்டுப் போனாலும் போதும்.