ஹைபிரிட் காருக்கு ஒரே மைலேஜ் எண் போதாது: எங்கள் நிலைப்பாடு

ஹைபிரிட் காரின் மைலேஜை ஒரே எண்ணில் அடக்கி விற்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும் என்பது எங்கள் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு. நகரத்தில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, ஏசி ஓடும்போது எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். அந்த எண்களை ஷோரூமில் நிற்கும் காரிலும் விளம்பரத்திலும் ஒரே அளவு எழுத்தில் காட்ட வேண்டும். இதை எல்லாக் கார்களுக்கும் கேட்கலாம்; கேட்கவும் செய்கிறோம். ஹைபிரிட்டுக்கு முதலில் வேண்டும் என்று வலியுறுத்தக் காரணம், பெட்ரோல் மிச்சமாகும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் அதை வாங்குபவர் லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறார். 2022-ல் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் லிட்டருக்கு 26.5 கி.மீ. என்ற அறிவிப்போடு வந்தது. மாருதி கிராண்ட் விட்டாராவும் அதன் இரட்டையான டொயோட்டா ஹைரைடரும் 27.97 கி.மீ. என்றன. குடும்பமே ஏறும் இன்னோவா ஹைகிராஸுக்கு 23.24. இந்த எண்கள் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் வகுத்த சோதனையில் கிடைத்தவைதான் அவை. வாங்குபவர் கேட்கும் கேள்வி ஒன்று, சோதனை பதில் சொல்லும் கேள்வி வேறொன்று என்பதே எங்கள் குறை.

அந்தச் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, திரையில் வரும் வேகக் கோட்டைப் பின்பற்றி ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவின் பழைய சோதனை முறையை நம் நாட்டுக்கு மாற்றியமைத்ததுதான் இந்திய ஓட்டச் சுழற்சி. மொத்தம் 1,180 வினாடி, அதாவது இருபது நிமிடம்கூட இல்லை; தூரம் ஏறக்குறைய 11 கி.மீ.; சராசரி வேகம் மணிக்கு முப்பத்துச் சொச்சம். ஐரோப்பியர் 120 கி.மீ. வரை போன இடத்தில் நம் முறை 90-லேயே நின்றுவிடுகிறது. வேகம் கூடுவதும் குறைவதும் பதமாக, சீராக நடக்கும். ஏசி போடுவதில்லை. ஐரோப்பாவே இந்த முறையை 2017 முதல் படிப்படியாகக் கைவிட்டுவிட்டது. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு அங்கே திரட்டிய தரவின்படி, சோதனை எண்ணுக்கும் சாலைச் செலவுக்கும் இடையே 2001-ல் 8 சதவீதமாக இருந்த இடைவெளி 2018-க்குள் 39 சதவீதமாக வளர்ந்திருந்தது. இந்த வளர்ச்சி கவனிக்கத்தக்கது. கார்கள் சாலையில் முன்னேறிய வேகத்தைவிடச் சோதனையில் தேர்ச்சி பெறும் கலை வேகமாக முன்னேறியிருக்கிறது.

மெதுவாகப் போவது, அடிக்கடி நிற்பது, ஏசி இல்லாமல் ஓடுவது: சோதனையில் உள்ள இம்மூன்றும் ஹைபிரிட்டுக்கு மிகவும் பிடித்தவை. பிரேக் பிடிக்கும்போது சாதாரணக் கார் வெப்பமாக வீணாக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை ஹைபிரிட் மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜின் மிக மோசமாக வேலை செய்யும் தொடக்க நகர்வை மோட்டாரிடம் ஒப்படைக்கிறது. சென்னை அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு இதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் பயன்படும். விழுப்புரம் தாண்டிய நான்கு வழிச் சாலையில் நூறில் ஓடும்போது பிரேக்குக்கே வேலை இல்லை. மீட்டெடுக்க ஆற்றலும் இல்லை. அங்கே செலவைத் தீர்மானிப்பது காற்றின் எதிர்ப்பு. அது வேகத்தின் இருமடிப்படி ஏறும். எந்த பேட்டரியாலும் அதைக் குறைக்க முடியாது. ஹோண்டாவின் அமைப்பு நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜினை ஒரு கிளட்ச் மூலம் சக்கரங்களோடு நேரடியாகவே இணைத்துவிடுகிறது; அந்த வேகத்தில் மின்சாரமாக மாற்றி ஓட்டுவது நட்டம் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கே தெரியும். ஏசி கதையும் இப்படித்தான். இந்தக் கார்களில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. மே மாத வெயிலில் வண்டி நின்றிருக்கும்போதும் அது பேட்டரியைக் கரைக்கும். அதை நிரப்ப இன்ஜின் விழிக்கும். பத்து நிமிடப் பயணங்களில் இன்னொரு இழப்பும் உண்டு. இன்ஜினும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியும் சூடாகும்வரை இன்ஜின் ஓடியே ஆக வேண்டும்.

இதிலிருந்து ‘ஹைபிரிட் ஏமாற்று’ என்ற முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள். நாங்கள் தாவவில்லை, ஏனென்றால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிராண்ட் விட்டாரா வெளியானபோது அதன் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வகைக்கு அறிவித்த மைலேஜ் 20.58 கி.மீ. ஆயிரம் கி.மீ.க்கு அது 48.6 லிட்டர் குடிக்கும், 27.97 தரும் ஹைபிரிட் 35.8 லிட்டர். மிச்சம் 12.8 லிட்டர். சாலையில் இரண்டுமே அறிவித்ததைவிடக் கால்பங்கு குறைவாகத் தருவதாக வைத்துக்கொண்டால், மிச்சம் குறையாது, 17 லிட்டராகக் கூடும்! லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று தலைகீழாகப் பேசியே பழகிவிட்டதால் இது கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே அறிவித்த எண் கிடைக்கவில்லை என்பது மட்டுமே ஹைபிரிட்டுக்கு எதிரான வாதம் ஆகாது. எந்தச் சாலையில் எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி. விளங்குவதற்காக ஒரு கணக்கு: நகரத்தில் சாதாரணக் கார் 11, ஹைபிரிட் 20 தருகிறது, நெடுஞ்சாலையில் 17-க்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட் தருவது இரண்டு இடத்திலும் அதே 20. ஆனால் ஆயிரம் கி.மீ.க்கு மிச்சம் நகரத்தில் 41 லிட்டர், நெடுஞ்சாலையில் 9 லிட்டருக்கும் குறைவு. கூடுதல் விலை 2 லட்சம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் நகரவாசி அந்தப் பணத்தை சுமார் 49,000 கி.மீ.க்குள் மீட்டுவிடுவார். நெடுஞ்சாலைக்காரர் ஏறக்குறைய 2.27 லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். இந்தக் கார்களின் பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் உத்தரவாதமோ 1.6 லட்சம் கி.மீ.தான். விளம்பரத்தின் ஒற்றை எண்களைக் கொண்டு கணக்கிட்டால் வருவது 1.56 லட்சம் கி.மீ. அது முதலாமவரை வீணாக விரட்டுகிறது, இரண்டாமவரை வீணாக அழைக்கிறது.

மற்ற நாடுகள் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றன. அமெரிக்காவில் 2004-ன் டொயோட்டா பிரியஸுக்கு முதலில் தரப்பட்ட கூட்டு மதிப்பீடு கேலனுக்கு 55 மைல். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதிவேக ஓட்டம், குளிர், 35 டிகிரி வெயிலில் ஏசி ஆகியவற்றைச் சேர்த்து 2008-ல் முறையைத் திருத்தியபோது அதே கார் 46 ஆயிற்று. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைபிரிட் 47 என்று வந்தது. அதே இன்ஜின் கொண்ட வேறொரு ஃபோர்டு காரின் சோதனை எண்ணை இதற்கும் போட்டுக்கொள்ள அன்றைய விதி இடம் கொடுத்தது. உயரமான உடல்வாகு காற்றில் என்ன பாடுபடும் என்பதை அந்த விதி கேட்கவில்லை. 2013-ல் எண் 43 ஆக இறங்கியது, 2014-ல் 40 ஆக. வாங்கியவர்களுக்கு நிறுவனம் பணம் திருப்பிக் கொடுத்தது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்கள் தாங்கள் உண்மையில் குடித்த எரிபொருளைத் தாங்களே பதிவு செய்கின்றன. 2024-ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட முதல் கணக்கில், புதிய சோதனை முறைக்குப் பிறகும் பெட்ரோல் கார்களின் இடைவெளி 23.7 சதவீதம். செருகி மின்னேற்றும் ஹைபிரிட்டுகளோ அறிவித்ததைப்போல மூன்றரை மடங்கு கரியமில வாயுவை வெளியிட்டிருந்தன. உரிமையாளர்கள் அடிக்கடி சார்ஜ் செய்வார்கள் என்று அரசு போட்ட அனுமானம் பொய்த்துப்போனதே காரணம். ஹைபிரிட்டுகளின் தாய்வீடான ஜப்பானில் 2017 முதல் நகரம், புறநகர், விரைவுச்சாலை என்று மூன்று எண்கள் தனித்தனியே காட்டப்படுகின்றன. அதனால் அங்கே ஹைபிரிட் விற்பனை படுத்துவிடவில்லை.

‘எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை, ஒப்பிட அது போதாதா?’ என்பது உற்பத்தியாளர் தரப்பின் வலுவான கேள்வி. ஒரே வகைக் கார்களை ஒப்பிடுவதற்கு ஓரளவு போதும். ஆனால் ஒரு சோதனை ஒரு வகை இயந்திரத்துக்கு மட்டும் சாதகமாக அமைந்திருந்தால், அது பொதுவானதாக இருப்பதே அதை நடுநிலையாக்கிவிடாது. மைலேஜ் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது என்ற பதிலும் உண்மைதான். கால் மாறும், சாலை மாறும் என்பதால்தானே ஒரே எண்ணுக்குப் பதிலாகப் பல எண்கள் கேட்கிறோம்? எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணம் காட்டுவோரும் உண்டு. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலவையில் மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் அது சாதாரணக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் பொதுவான குறைவு. இந்த விவாதத்தில் அதற்கு இடமில்லை. திருப்தி இல்லாதவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகட்டும் என்பது கடைசி வாதம். போகலாம், போனவர்களும் உண்டு. லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு டீசல் கார், நிபுணர் சோதனையில் 20-ஐக்கூட எட்டாததால், 2022-ல் திருச்சூர் மாவட்ட ஆணையம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கார் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து. ஒவ்வொருவரும் அப்படி அலைவதைவிட ஒரு ஸ்டிக்கரை ஒழுங்காக அச்சிடுவது எளிது.

வாங்குபவர் பணம் மட்டுமல்ல, பொதுப் பணமும் இந்த எண்ணின் மேல் நிற்கிறது. நிறுவனங்களின் சராசரி எரிபொருள் அளவைக் கணக்கிடும் மத்திய அரசின் விதியில் மோட்டாரிலேயே தனித்து நகரக்கூடிய ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் இரண்டு காராக எண்ணப்படுகிறது. உத்தரப் பிரதேசம் 2024-ல் இவற்றுக்குப் பதிவு வரியையே விலக்கியது. 2015-ன் ஃபேம் மானியத் திட்டத்தில் இன்ஜினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும் மைல்டு ஹைபிரிட்டுகளும் சலுகை பெற்றன. 2017-ல் அதை நிறுத்த வேண்டிவந்தது. பெயரைப் பார்த்துக் கொடுத்த சலுகையின் கதி அது. ஹைபிரிட்டுக்குச் சலுகையே கூடாது, எல்லாம் மின்சாரக் காருக்கே போகட்டும் என்ற கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. நகர நெரிசலில் பெட்ரோலைப் பாதியாக்கும் வண்டிக்கு ஊக்கம் தருவதில் தவறில்லை. அந்தப் பாதி சாலையில் நிரூபிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

உலகளாவிய புதிய சோதனை முறைக்கு மாற மத்திய அரசு திட்டமிட்டிருப்பதை வரவேற்கிறோம். ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது. அந்த முறையிலும் ஏசி அணைந்தே இருக்கும். ஆனால் அதில் ஓட்டம் வேகத்தின்படி பகுதி பகுதியாக அளக்கப்படுகிறது. அந்தப் பகுதி எண்களை வெளியிட நிறுவனங்களுக்குப் புதிய செலவு ஏதும் இல்லை; கையில் இருப்பதைக் காட்டினால் போதும். அவற்றோடு 35 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் ஏசி போட்ட சோதனையையும் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். மைலேஜை லிட்டருக்குக் கி.மீ. என்பதோடு நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றும் எழுத வேண்டும். ஐரோப்பாவைப்போல எரிபொருள் பதிவுக் கருவியைப் புதிய ஹைபிரிட்டுகளில் பொருத்தி, உரிமையாளர் மறுத்தால் அவர் தரவை விட்டுவிட்டு, மாதிரிவாரியான சராசரியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வரிச் சலுகைகள் அந்தச் சராசரியை வைத்தே புதுப்பிக்கப்பட வேண்டும். இவை நடைமுறைக்கு வரும்வரை, ஹைபிரிட் வாங்க நினைப்பவர்கள் தங்கள் மாத ஓட்டத்தில் எத்தனை பங்கு நகருக்குள் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளட்டும். டெஸ்ட் டிரைவை ஏசி போட்டு, தாங்கள் தினமும் போகும் வழியில், தினமும் போகும் நேரத்திலேயே கேட்டு வாங்கட்டும். அதற்கு மறுக்கும் ஷோரூம்கள் பற்றி எங்களுக்கு எழுதலாம்.