நோய்ச் சீட்டில் இல்லாத சொல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சிலிக்கன் டை ஆக்சைடு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய அன்று, என் நோட்டில் அதன் கீழே "தாத்தா" என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நண்பன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்குத் தெரியாது.

என் தாத்தா கல்குவாரியில் பாறைக்குத் துளை போட்டவர். முப்பது ஆண்டுகள்! கடைசியில் வீட்டிலிருந்து தெருக்கோடிக் குழாய் வரை நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்காருவார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை; பிறகு மறுபடியும் ஆறு மாதம். சளியில் கிருமி ஒருமுறைகூட அகப்படவில்லை என்று அந்தச் சீட்டுகளிலேயே இருக்கிறது. ஆனாலும் சாகும்வரை டி.பி.க்காரர் என்றே பெயர். ஆயா அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தாள். இன்றும் என்னால் மன்னிக்க முடியாதது அதுதான். ஆயாவைச் சொல்லவில்லை.

அவருக்கு வந்தது சிலிக்கோசிஸ் என்றே இப்போது நம்புகிறேன். உறுதி செய்ய இனி வழியில்லை. "பெரியவரே, என்ன வேலை செய்தீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லையே!

கடற்கரை மணலிலும் சிலிக்காதானே இருக்கிறது, அதில் புரளும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று நண்பர்கள் கேட்கலாம். மணல் பெரியது, மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்துவிடும். கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசியிலோ, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே எமன். அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகிறது. அங்கே காவல் காக்கும் செல் அதை விழுங்குகிறது. செரிக்க மாட்டாமல் செத்துப்போகிறது. துகள் மறுபடி வெளியே வர, அடுத்த செல் வந்து விழுங்குகிறது. இப்படியே அந்த இடம் தழும்பேறி, பஞ்சு போன்ற நுரையீரல் நாராக இறுகிவிடுகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். குணப்படுத்த மருந்து இல்லை. புண்பட்ட அந்த நுரையீரலில் டி.பி. கிருமியும் எளிதில் குடியேறும். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரிவதும் உண்டு. எனவே டாக்டர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிரித்தறிய முதலில் வேண்டியது தொழிலைப் பற்றிய ஒரு கேள்வி. அதற்குக் காசா, பணமா?

இது புதிய செய்தியும் அன்று. பழைய வட ஆர்க்காட்டு மக்கள் பிழைப்புத் தேடிப் போன கோலார் தங்கவயலில், 1940-க்கும் 1946-க்கும் இடையே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. மைசூர் அரசு 1940-லேயே இதற்கென விதிகள் வகுத்தது. அந்தத் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. கல்குவாரிகள் மூடப்படவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் இதைச் சேர்த்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் இது இருக்கிறது. ஆகவே சட்டத்துக்குக் குறைவில்லை. சீட்டில் டி.பி. என்று எழுதிவிட்டால், சட்டம் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. டி.பி. என்றால் அவன் தலைவிதி. சிலிக்கோசிஸ் என்றால் முதலாளியின் பொறுப்பு! குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் உழைத்து மாண்ட மத்தியப் பிரதேசத் தொழிலாளர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நோயின் பெயரைச் சொன்ன பிறகே அங்கெல்லாம் பணம் வந்தது.

"முகமூடி கொடுத்தால் இவர்கள் போடுவதில்லை" என்பார்கள். மே மாத வெயிலில், பாறை மேல் நின்று, பத்து மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். துளைக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி பெருமளவு அடங்கும். அதைச் செய்துவிட்டு முகமூடியைப் பற்றிப் பேசலாம். முகத்தில் கட்டும் துண்டு வியர்வை துடைக்கத்தான் உதவும்.

என் அப்பா ஜல்லி கிரஷரில் வேலை செய்கிறார். அந்தக் கூலியில்தான் நான் இங்கே படிக்கிறேன். சென்ற மாதம் இருமல் நிற்கவில்லை என்று அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதும் அம்மா தொழில் என்ன என்று கேட்டார்.

"கூலிம்மா" என்றார் அப்பா.

"ஜல்லி கிரஷர்மா. பதினாறு வருஷம்" என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு எழுத இதில் இடம் இல்லையேப்பா."

ஓரத்தில் எழுதச் சொன்னேன். எழுதினார்.